பிடிவாரண்ட் நிலுவையில் இருக்கிறது, வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பலாமா?

பனியன்நகர் | 3 மார்ச் 2025, இரவு 9.40

2019-இல் போட்ட செக் கேஸ், திருப்பூர் கோர்ட். 2021 கடைசிக்குப் பிறகு வாய்தாவுக்குப் போகவில்லை. இ-கோர்ட்ஸ் ஆப்பில் பார்த்தால் என்.பி.டபிள்யூ. (ஜாமீனில் விட முடியாத பிடிவாரண்ட்) நிலுவை என்று காட்டுகிறது. தோஹாவில் வேலை உறுதியாகிவிட்டது, ஏப்ரல் கடைசியில் கிளம்ப வேண்டும். வாரண்ட் மூன்று வருஷத்தில் காலாவதியாகிவிடும், ஏர்போர்ட்டில் செக் கேஸெல்லாம் பார்க்க மாட்டார்கள் என்கிறார் ஏஜென்ட். வக்கீலிடம் போனால் அவரே போலீசுக்குச் சொல்லிவிடுவாரோ என்றும் பயம். என்ன செய்வது?

கோர்ட்வளாகம் | 3 மார்ச், இரவு 10.25

காலாவதி என்பதே கிடையாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 70(2), அதற்குப் பதிலாக வந்த இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.) 72(2), இரண்டும் ஒன்றையே சொல்கின்றன: வாரண்ட் போட்ட நீதிமன்றம் ரத்து செய்யும் வரை, அல்லது அது நிறைவேற்றப்படும் வரை வாரண்ட் அமலில் இருக்கும். மூன்று வருஷக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று ஏஜென்டிடம் கேளுங்கள், பதில் இருக்காது.

வக்கீல் விஷயம். நீங்கள் ஆலோசனைக்காகச் சொல்வதை உங்கள் அனுமதியில்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்று சாட்சியச் சட்டமே அவரைக் கட்டுப்படுத்துகிறது (பழைய 126, புதிய பாரதிய சாக்ஷிய அதிநியம் 132). முன்பு செய்ததைப் பற்றிச் சொன்னால் அது அவரோடு நிற்கும். "தப்பிக்க வழி சொல்லுங்கள்" என்று கேட்டால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. அந்த வித்தியாசம் தெரிந்தால் போதும், பயப்படாமல் போய் முழுவதையும் சொல்லுங்கள். பாதியை மறைத்துவிட்டு ஆலோசனை கேட்பவருக்குப் பாதி ஆலோசனைதான் கிடைக்கும்.

போகும்போது கையில் இருக்க வேண்டியவை: சி.என்.ஆர். எண் (வழக்கின் தனி அடையாள எண், எழுத்தும் எண்ணுமாக 16, டி.என். என்று தொடங்கும்), பழைய வக்கீல் பெயர், முன்பு பிணைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தால் அதன் நகல், பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்கங்கள், வேலை ஒப்பந்தம்.

மேசைஎழுத்தர் | 4 மார்ச், காலை 7.10

ஆப்பில் 'நிலுவை' என்று இருப்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது. நான்கு நிலைகளில் எது என்று முதலில் பார்க்க வேண்டும்.

வாரண்ட் மட்டும் போட்டு வாய்தா ஓடிக்கொண்டிருப்பது ஒன்று. பல வாய்தா கடந்து, எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், கிடைக்கவில்லை என்று வழக்கை எல்.பி.சி. பதிவேட்டுக்கு, அதாவது நீண்டகால நிலுவைக்கு மாற்றியிருப்பது இரண்டாவது. அப்படியானால் வழக்கு எண்ணே மாறியிருக்கும், வழக்குக் கட்டு ரெக்கார்டு ரூமில் இருக்கும், எடுத்து வர நாளாகும். மூன்றாவது, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 82-ஆம் பிரிவில் தேடப்படும் நபர் என்று பிரகடனம் ஆகியிருப்பது. நான்காவது, தண்டனைத் தீர்ப்பே வந்து, அதை நிறைவேற்றப் போட்ட வாரண்ட்.

நான்காவது என்றால் ரீகால் மனு, அதாவது வாரண்டை ரத்து செய்யக் கேட்கும் மனு, செல்லவே செல்லாது. செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீல், கூடவே தண்டனையை நிறுத்தி வைக்க மனு. கெடு 30 நாள். அது தாண்டியிருந்தால் தாமதத்தை மன்னிக்கத் தனி மனு. காசோலைச் சட்டம் 148-இன்படி, விதித்த அபராதம் அல்லது இழப்பீட்டில் குறைந்தது 20 சதவீதம் கட்டச் சொல்வார்கள். ஆகவே வக்கீல் செய்ய வேண்டிய முதல் வேலை கட்டைப் பார்ப்பது. கட்டைப் பார்க்காமல் "வாங்க, பாத்துக்கலாம்" என்கிறவரிடம் வக்காலத்து கொடுக்காதீர்கள்.

மீனம்பாக்கம் | 4 மார்ச், காலை 11.32

ஏர்போர்ட் பற்றி. வாரண்ட் தானாக இமிக்ரேஷன் கணினிக்குப் போகாது. அங்கே திரையில் வருவது லுக் அவுட் சர்க்குலர், சுருக்கமாக எல்.ஓ.சி. மாவட்ட எஸ்.பி. போன்ற அதிகாரி கேட்டு, இமிக்ரேஷன் பிரிவு அதைத் திறக்கும். குற்றவியல் நீதிமன்றமே உத்தரவிட்டும் திறக்கலாம். ஒரு வருஷம்தான் செல்லும்.

காசோலை வழக்கு, போலீஸ் தானாகக் கைது செய்ய முடியாத வகை. அந்த வகையில் எல்.ஓ.சி. இருந்தாலும் பயணியைத் தடுக்கவோ பிடித்து வைக்கவோ கூடாது, வருகை-புறப்பாட்டைக் கேட்டவருக்குத் தெரிவிக்கலாம், அவ்வளவுதான் என்று உள்துறையின் வழிகாட்டுதல் சொல்கிறது. ஆக, இவர் விஷயத்தில் கவுன்டரிலேயே பிடிபடுவது குறைவு.

கோர்ட்வளாகம் | 4 மார்ச், பகல் 1.05

ஒரு வருஷம் என்பது 2010-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். 22 பிப்ரவரி 2021-இல் உள்துறை வெளியிட்ட தொகுப்பில் அது மாறிவிட்டது. கேட்ட அலுவலகம் நீக்கச் சொல்லும் வரை எல்.ஓ.சி. நிற்கும். வழக்கு முடிந்தும் எல்.ஓ.சி. நீக்கப்படாமல் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு.

"குறைவு" என்ற சொல்லை நம்பி யாரும் டிக்கெட் எடுக்க வேண்டாம். வாரண்ட் இருப்பது தெரிந்தே நாட்டை விட்டுப் போனவர் என்று கட்டில் ஒரு வரி ஏறிவிட்டால், பிறகு எந்த மனு போட்டாலும் அந்த வரிதான் முதலில் வாசிக்கப்படும். அடுத்தது பிரகடனம். அதற்கும் ஆஜராகவில்லையென்றால் அதுவே தனிக் குற்றம் (இந்திய தண்டனைச் சட்டம் 174ஏ, புதிய பாரதிய நியாய சன்ஹிதா 209), மூன்று வருஷம் வரை சிறை. மூல வழக்கைச் சார்ந்து நிற்காத தனிக் குற்றம் அது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. ஒரு நாள் கோர்ட்டுக்குப் போய்த் தீர்க்கக்கூடிய செக் கேஸை இந்த அளவுக்கு வளர்க்கக் கூடாது.

மீனம்பாக்கம் | 4 மார்ச், பகல் 1.20

சரி, 2021 தொகுப்புதான் இப்போது செல்லும்.

பனியன்நகர் | 4 மார்ச், இரவு 8.15

வாரண்ட் மட்டும்தான், பிரகடனம் இல்லை என்று ஆப்பில் தெரிகிறது. அடுத்த வாய்தா ஜூன் 19. முன்ஜாமீன் எடுத்துவிட்டுப் போகலாமா?

கோர்ட்வளாகம் | 4 மார்ச், இரவு 9.02

முன்ஜாமீன் இங்கே பொருந்தாது. அது ஜாமீனில் விட முடியாத குற்றத்துக்கு மட்டும். காசோலை வழக்கின் 138-ஆம் பிரிவு ஜாமீனில் விடக்கூடிய குற்றம். நிறைய பேர் குழம்பும் இடம் இதுதான். ஜாமீனில் விட முடியாதது வாரண்ட், குற்றம் அல்ல. அந்த வாரண்டோடு வரும் போலீஸ்காரர் உங்களை ஸ்டேஷனிலேயே விட முடியாது, கோர்ட்டில் நிறுத்தியாக வேண்டும், அவ்வளவுதான் அதன் பொருள்.

உங்களுக்கான வழி, வாரண்ட் போட்ட அதே கோர்ட்டில் நேரில் சரணடைந்து ரீகால் மனு. ஜூன் வரை காத்திருக்க வேண்டாம். வாய்தா முன்னெடுப்பு மனு ஒன்றை முதலில் போட்டு, கட்டை அன்றைக்கு மேசைக்கு வரவழைக்க வேண்டும்.

மேசைஎழுத்தர் | 5 மார்ச், காலை 6.50

அந்த நாள் எப்படிப் போகும் என்று எழுதுகிறேன். இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

முதலில் பழைய வக்கீலிடம் ஆட்சேபணை இல்லை என்று வக்காலத்தில் எழுதி வாங்க வேண்டும். அதை மறந்துவிட்டு வந்தால் அன்றைய நாள் அதிலேயே போய்விடும். முந்தைய நாளே வக்கீல் குமாஸ்தா பெஞ்ச் கிளார்க்கைப் பார்த்துக் கட்டு மேலே வந்துவிட்டதா என்று உறுதி செய்ய வேண்டும். எல்.பி.சி. ஆகியிருந்தால் வழக்கை மறுபடி கோப்புக்கு எடுக்க இன்னொரு மனு.

காலை 10.30-க்குக் கோர்ட் உட்காரும்போது நீங்கள் உள்ளே இருக்க வேண்டும். ஜாமீன்தாரர் இருவரும் வெளியே தயாராக இருக்க வேண்டும். அவர்களுக்குப் புகைப்படம், ஆதார், வீட்டு வரி ரசீது. சில கோர்ட்டில் சொத்து மதிப்புச் சான்று கேட்பார்கள், அதைத் தாலுகா அலுவலகத்தில் வாங்கச் சில நாள் ஆகும், இப்போதே தொடங்குங்கள். பிணைப் பத்திரத்தில் படம் ஒட்டி இடது பெருவிரல் ரேகை வைக்கச் சொல்வார்கள்.

மாஜிஸ்ட்ரேட் என்ன செய்யலாம்? செலவுத் தொகை கட்டச் சொல்லி ரத்து செய்யலாம். புதுப் பிணை கேட்கலாம். பழைய பிணைப் பத்திரத்தைப் பறிமுதல் செய்து பழைய ஜாமீன்தாரருக்கு நோட்டீஸ் அனுப்பலாம் (446, புதியது 491). பிணையில் இருந்துகொண்டு வராமல் போனவர் என்றால், குற்றம் ஜாமீனில் விடக்கூடியது ஆனாலும் விட மறுக்க 436(2) இடம் தருகிறது. ரிமாண்ட் ஆகும் வாய்ப்பு சிறியதுதான், ஆனால் உண்டு. அதனால் வெள்ளிக்கிழமையும், தொடர் விடுமுறைக்கு முந்தைய நாளும் வேண்டாம். திங்களோ செவ்வாயோ போனால், ரிமாண்ட் ஆனாலும் மறுநாளே ஜாமீன் மனு எடுபடும். நிரந்தர மாஜிஸ்ட்ரேட் இருக்கிறாரா, பொறுப்பு மாஜிஸ்ட்ரேட்டா என்றும் விசாரியுங்கள். பொறுப்பில் இருப்பவர் பழைய வாரண்டைத் தொடத் தயங்கக்கூடும்.

வராத காரணத்தை மனுவில் தேதியோடு எழுதுங்கள். வீடு மாறியது, வக்கீல் மாறியது, எதுவானாலும் உண்மையானது. பொய் மருத்துவச் சான்று வைத்தால், எதிர்த்தரப்பு அந்த மருத்துவமனைக்குப் போய் ஒரு கேள்வி கேட்டால் போதும், செக் கேஸைவிடப் பெரிய கேஸ் வந்து சேரும்.

கோர்ட்வளாகம் | 5 மார்ச், காலை 9.30

இதோடு ஒன்று. மனுவின் தலைப்பில் 72(2) என்று போட வேண்டாம். பி.என்.எஸ்.எஸ். 531-இன்படி, 1 ஜூலை 2024-க்கு முன்பே நிலுவையில் இருந்த விசாரணை பழைய சட்டப்படியே நடக்கும். 2019 வழக்கு, ஆகவே 70(2). மனு ரிட்டர்ன் ஆகி ஒரு நாள் வீணாவதை இது தடுக்கும். வரப்போகும் 205 (நேர் ஆஜரிலிருந்து விலக்கு), 317 (அன்றைய வாய்தாவுக்கு மட்டும் விலக்கு) மனுக்களுக்கும் இதே கணக்கு. புது வழக்காக இருந்தால் அவை 228, 355.

கண்ணாடிமாளிகை | 6 மார்ச், மாலை 4.44

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக. வாரண்ட் என்றால் எல்லாம் ஒரே சரக்கு இல்லை. ஜீவனாம்ச பாக்கிக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125(3)-இல் வரும் வாரண்டுக்கு ரீகால் மனு மட்டும் போட்டுப் பயனில்லை. பணம் கட்ட வேண்டும், அல்லது தவணை கேட்க வேண்டும். கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை. சிவில் டிக்ரியில் இ.பி. (டிக்ரியை நிறைவேற்றக் கேட்கும் மனு) போட்டு வாங்கும் அரஸ்ட் வாரண்ட் இன்னொரு வகை. 5000 ரூபாய்க்கு மேற்பட்ட டிக்ரி என்றால் சிவில் சிறை மூன்று மாதம் வரை. பண டிக்ரிக்குப் பெண்களைக் கைது செய்யவே முடியாது (சிவில் நடைமுறைச் சட்டம் 56). வக்கீலிடம் போகும்போது எந்த வாரண்ட் என்று தெரியாமல் போனாலும் பரவாயில்லை, ஆனால் அவர் அதை உங்களுக்குச் சொல்லாமல் மனு அடிக்கக் கூடாது.

மீனம்பாக்கம் | 7 மார்ச், இரவு 10.50

பாஸ்போர்ட் பக்கம். கையில் இருக்கும் பாஸ்போர்ட் எத்தனை வருஷம் செல்லும் என்று பாருங்கள். பாஸ்போர்ட் சட்டம் 1967, பிரிவு 6(2)-இல் பாஸ்போர்ட் மறுக்கச் சொல்லியிருக்கும் காரணங்களில் இரண்டு உட்பிரிவு உங்களைத் தொடும். (எஃப்) குற்ற வழக்கு நிலுவை, (ஜி) வாரண்ட் அல்லது சம்மன் நிலுவை. இருக்கிற பாஸ்போர்ட்டை முடக்கவும் 10(3) அதிகாரம் தருகிறது.

முதல் தடைக்கு வழி, 25 ஆகஸ்ட் 1993-இல் வந்த ஜி.எஸ்.ஆர். 570 அறிவிக்கை. வழக்கு நடக்கும் கோர்ட் வெளிநாடு போக அனுமதி தந்தால் அந்தத் தடை விலகும். கோர்ட் உத்தரவில் காலம் எதுவும் சொல்லாவிட்டால் ஒரே ஒரு வருஷத்துக்குத்தான் பாஸ்போர்ட் தருவார்கள். அதனால் மனுவின் கோரிக்கையிலேயே எத்தனை வருஷத்துக்கு என்று எழுதிக் கேட்க வேண்டும், உத்தரவிலும் அந்த வரி வந்திருக்கிறதா என்று அன்றே படித்துப் பார்க்க வேண்டும்.

அந்த அறிவிக்கை (எஃப்) தடைக்கு மட்டும். வாரண்ட் உயிரோடு இருந்தால் (ஜி) அப்படியே நிற்கும். எனவே வரிசை மாறக் கூடாது. முதலில் ரீகால், பிறகுதான் பயண அனுமதியும் பாஸ்போர்ட்டும்.

விண்ணப்பத்தில் வழக்கு உண்டா என்ற கேள்விக்கு "இல்லை" என்று போட வேண்டாம். மறைத்தால் பிரிவு 12, இரண்டு வருஷம் வரை சிறை அல்லது 5000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். வேலைக்கு போலீஸ் கிளியரன்ஸ் சான்று கேட்டால் அங்கேயும் இதே கேள்வி, இதே பதில்.

வெறும் எஃப்.ஐ.ஆர். மட்டும் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. கோர்ட் வழக்கைக் கோப்புக்கு எடுத்தால்தான் 'நிலுவை' என்று வெளியுறவுத் துறையே 10 அக்டோபர் 2019 குறிப்பாணையில் சொல்லியிருக்கிறது.

பனியன்நகர் | 8 மார்ச், காலை 8.00

பாஸ்போர்ட் 2029 வரை செல்லும். வக்கீலைப் பார்த்துவிட்டேன். கட்டைப் பார்க்க மனு போடுகிறார். ரீகால் ஆனால் உடனே கிளம்பலாமா? வேலை இரண்டு வருஷ ஒப்பந்தம். வாய்தாவுக்கு யார் போவது?

கோர்ட்வளாகம் | 8 மார்ச், காலை 10.18

ரீகால் அன்றோ அடுத்த வாய்தாவிலோ 205 மனு. வாய்தாவுக்கு வாய்தா போடுகிற 317 மனு இரண்டு வருஷத்துக்குத் தாங்காது, நாலாவது தடவை எதிர்த்தரப்பு எழுந்து நிற்பார், மறுபடி வாரண்ட்.

205 மனுவோடு உறுதிமொழிப் பத்திரம். அதில் வர வேண்டியவை: நான்தான் எதிரி என்பதை மறுக்க மாட்டேன். என் வக்கீல் ஒவ்வொரு வாய்தாவிலும் ஆஜராவார். என் இல்லாமையில் சாட்சி விசாரிக்க ஆட்சேபணை இல்லை. கோர்ட் கேட்கும்போது நேரில் வருவேன். வெளிநாட்டு முகவரி, நிறுவனம், தொலைபேசி, ஒப்பந்த நகல், விடுமுறை எப்போது என்பதும் வேண்டும். சம்மன் வழக்குகளில் (செக் கேஸ் அந்த வகை) தகுந்த சூழலில், குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்ற கேள்விக்கே வக்கீல் மூலம் பதில் சொல்ல அனுமதிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2001-இல் பாஸ்கர் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் சொல்லியிருக்கிறது. சாட்சிகள் முடிந்ததும் எதிரியிடம் கோர்ட் கேட்கும் 313 கேள்வியையும், நேர் ஆஜர் விலக்கு பெற்றவருக்குச் சம்மன் வழக்கில் விட்டுவிடலாம். தீர்ப்பு நாள் மட்டும் வேறு. அபராதம் மட்டும் அல்லது விடுதலை என்றால் வராமல் இருக்கலாம், சிறைத் தண்டனை என்றால் நேரில் இருக்க வேண்டும். ஊருக்கு வரும் விடுமுறையை அதையொட்டி வையுங்கள்.

செக் கேஸில் வெளிநாடு போகக் கூடாது என்று நிபந்தனை பெரும்பாலும் இருக்காது. இருக்கிறதா என்று பிணை உத்தரவைப் படியுங்கள். இருந்தால் பயண அனுமதி மனு கட்டாயம். இல்லாவிட்டாலும் 205 மனுவிலேயே பயணத்தைச் சொல்லிவிடுவது நல்லது. பின்னால் யாரும் "தெரிவிக்காமல் போனார்" என்று சொல்ல முடியாது.

கண்ணாடிமாளிகை | 8 மார்ச், பகல் 12.40

பணம் கொடுத்து முடிக்க முடியுமானால் அதையும் கேட்டுப் பாருங்கள். காசோலைச் சட்டம் 147-இன்படி சமரசம் செய்துகொள்ளலாம், லோக் அதாலத்திலும் வைக்கலாம். ஆனால் வெளியே பணத்தைக் கொடுத்து வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டு விமானம் ஏறக் கூடாது. இரு தரப்பும் சேர்ந்து கொடுக்கும் கூட்டு மெமோ கோர்ட்டில் பதிவாகி, வழக்கு முடிந்தது என்று உத்தரவு வரும் வரை வாரண்டும் அப்படியே இருக்கும்.

வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், தொலைபேசி 15100. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்க மாட்டார்கள்.

அக்கரைச்சீமை | 9 மார்ச், இரவு 11.30

ஏற்கெனவே வெளிநாட்டில் இருந்துகொண்டு, பின்னால் வாரண்ட் வந்தவருக்கு?

கோர்ட்வளாகம் | 10 மார்ச், காலை 9.05

தூதரகத்தில் சான்றொப்பமிட்ட வக்காலத்து அனுப்பி, கீழ்க்கோர்ட்டில் வக்கீல் மூலம் ரீகால் கேட்டுப் பார்க்கலாம். நேரில் வா என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். அப்போது உயர் நீதிமன்றத்தில் மனு (482, புதியது 528). இத்தனை நாளுக்குள் சரணடைந்து ரீகால் மனு போட்டால் அன்றைக்கே பரிசீலிக்க வேண்டும் என்று மாஜிஸ்ட்ரேட்டுக்கு வழிகாட்டும் உத்தரவு கிடைப்பது வழக்கம். அந்த நகலோடு டிக்கெட் போடுங்கள். திருப்பூர் வழக்கென்றால் சென்னை உயர் நீதிமன்றம்; திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டை வழக்கென்றால் அதன் மதுரைக் கிளை.

அங்கே பாஸ்போர்ட் முடியப் போகிறது என்றால் காத்திருக்காதீர்கள். புதுப்பிக்க மறுத்தால் ஊர் திரும்ப மட்டும் உதவும் அவசரச் சான்று ஒன்றுதான் மிச்சம்.

எல்.ஓ.சி. இருப்பதாகச் சந்தேகம் என்றால், கேட்ட அலுவலகத்தையோ வழக்கு நடக்கும் கோர்ட்டையோ அணுகலாம், ரத்து செய்ய இரண்டுக்கும் அதிகாரம் உண்டு என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2010-இல் சுமேர் சிங் சல்கான் வழக்கில் வகுத்தது.

மேசைஎழுத்தர் | 18 மார்ச், மாலை 6.15

பனியன்நகர் நேற்று ரீகால் ஆனதாகத் தனிச்செய்தியில் சொன்னார். இன்னும் வேலை பாக்கி இருக்கிறது, அதை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

உத்தரவு கோர்ட்டில் ஆனது. வாரண்ட் காகிதம் ஸ்டேஷனில் இருக்கிறது. அது திரும்பி வர வேண்டும். 2002-இல் மும்பையில் ரத்தான வாரண்டை வைத்து ஒரு வழக்கறிஞரைச் சுதந்திர தினத்தன்று கைது செய்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், 2011-இல் விதிமுறைகள் வந்தன. வாரண்டுக்குப் பதிவேடு வேண்டும், ரத்தானால் உடனே தெரிவித்துத் திரும்பப் பெற வேண்டும் என்பது அவற்றில் ஒன்று.

நடைமுறையில் செய்ய வேண்டியது: உத்தரவுக்கு அவசர நகல் விண்ணப்பம் போட்டு, சான்றிட்ட நகல் இரண்டு வாங்குங்கள். கோர்ட்டிலிருந்து ஸ்டேஷனுக்குப் போகும் ரீகால் கடிதத்தின் அனுப்புகை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஸ்டேஷனின் கோர்ட் டூட்டி காவலர் வழியாக, வாரண்ட் பதிவேட்டில் ரத்து என்று ஏறிவிட்டதா என்று வக்கீல் கேட்டு உறுதி செய்யட்டும். வீடு மாறியிருந்தால் பழைய முகவரி ஸ்டேஷன், புது முகவரி ஸ்டேஷன் இரண்டிலும். ஆப்பில் நிலை மாறச் சில நாள் எடுக்கும், அதை வைத்துப் பதற வேண்டாம். ஒரு சான்றிட்ட நகல் பாஸ்போர்ட்டோடு கைப்பையில், மற்றொன்று வீட்டில்.

பனியன்நகர் | 18 மார்ச், இரவு 9.30

செலவுத் தொகை கட்டச் சொன்னார்கள், கட்டிவிட்டேன். இரண்டு புது ஜாமீன்தாரர். 205 மனுவுக்கு எதிர்த்தரப்பு பதில் சொல்ல மார்ச் 27 வாய்தா. நகலுக்கு இன்றே விண்ணப்பித்தாயிற்று. 205 உத்தரவு வந்த பிறகுதான் டிக்கெட் போடச் சொல்லி ஏஜென்டிடம் சொல்லியிருக்கிறேன்.

கோர்ட்வளாகம் | 18 மார்ச், இரவு 9.48

அந்த உத்தரவில் "அனுமதிக்கப்படுகிறது" என்ற ஒரு சொல் மட்டும் இருந்தால் ஏற்காதீர்கள். எந்த வாய்தா முதல், எந்த நிபந்தனையில் என்று இருக்க வேண்டும். ஊரில் இல்லாத இரண்டு வருஷமும் வாய்தா தேதியை வக்கீல் சொல்லட்டும் என்று விட்டுவிடாமல், சி.என்.ஆர். எண்ணை ஆப்பில் சேமித்து, ஒவ்வொரு வாய்தா மாலையும் நீங்களே பாருங்கள். வக்கீல் ஒரு நாள் போகாவிட்டால் அன்றைக்கே தெரிந்துவிடும், அடுத்த வாய்தாவுக்குள் சரிசெய்துவிடலாம்.